சாம்பல் திரையில் ஒன்பது கட்டம்

காரைக்காலில் பெரிய டிவி வாங்குகிறவர்கள் இரண்டு வகை. மன்சூர் அலியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு மாட்டுகிறவர்கள் ஒரு வகை. அவர் காதுக்குப் போய்விடக் கூடாதே என்று பயந்து, சந்தடியில்லாமல் வாங்கி வந்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு பார்க்கிறவர்கள் இன்னொரு வகை. என்னைக் கேட்டால் இரண்டாவது வகைதான் வீட்டில் நிம்மதியாக இருந்தது.

சார்ஜாவில் ஒரு பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடையின் டிவி பிரிவில் இளமை மொத்தத்தையும் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர் மன்சூர் அலி. சபர் என்று வெளிநாடு போய்ப் பாடுபட்டுத் திரும்புகிறவர்கள் கொஞ்சம் காசும், கொஞ்சம் சர்க்கரை வியாதியும், நிறைய அத்தர் வாசனையும் கொண்டுவருவார்கள். இவர் கூடவே ஒரு ஜோடிக் கண்ணையும் கொண்டுவந்தார். அந்தக் கண்ணோடு அவருடைய நாக்கையும் விமானத்தில் ஏற்றிவிட்டதுதான் ஊர் செய்த பாவம்.

அவர் டிவி பார்க்க வருவதென்றால் வீட்டில் ஏற்பாடுகள் வேண்டும். திரைச்சீலையை இழுத்துவிட வேண்டும். அவர் வருவதற்கு அரைமணி முன்பே டிவியை ஓடவிட்டுச் சூடாக்கி வைக்க வேண்டும். பிள்ளைகள் பேசக் கூடாது. முதலில் கடைக்காரன் வைத்து அனுப்பிய கண்ணைப் பறிக்கும் வண்ணத்தை அணைப்பார். "சாயத்தக் கழுவுனாத்தான் மூஞ்சி தெரியும்" என்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகுவார். அதில் அவர் சேர்த்து வைத்த படங்கள் வரிசையாக வரும். இருட்டுக் கடல் ஒன்று வரும். கறுப்பு கறுப்பாகவே இருக்கிறதா, வெளுத்துப் போகிறதா என்று பார்ப்பார். கிரிக்கெட் பந்து ஓடும். அதற்குப் பின்னால் வால் முளைக்கிறதா என்று பார்ப்பார். ஒரு பெண்ணின் முகம் வரும். தோல் தோலாக இருக்கிறதா, மெழுகு பூசிக்கொண்டதா என்று கிட்டே போய்ப் பார்ப்பார், தள்ளி நின்று பார்ப்பார், ஓரமாகச் சுவரில் ஒட்டிக்கொண்டும் பார்ப்பார். கடைசியாக, வெறும் சாம்பல் நிறம். வேறொன்றும் இல்லாத படம். அதன் முன்னால்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நிற்பார். மற்ற படங்களில் குறை ஒளிந்துகொள்ளும், சாம்பலில் அதற்கு ஒளிய இடமில்லை என்பது அவர் கணக்கு.

குறை கிடைக்காமல் அவர் வெளியே வந்ததாக வரலாறு இல்லை. கிளிஞ்சல்மேட்டில் கருப்பையன் என்கிற படகுக்காரர், மகள் சீருக்கு வாங்கிய டிவியைக் காட்டினார். "முகமெல்லாம் மஞ்சக்காமால வந்த மாதிரி இருக்குது. இதப் பொண்ணோட அனுப்புனா மாப்பிள்ள வூட்டுல வைத்தியருக்குத்தான் சொல்லி அனுப்புவாங்க" என்றார் மன்சூர் அலி. பந்தல்காரன் உள்பட எல்லாரும் சிரித்தார்கள். கருப்பையனும் சிரிக்க வேண்டியதாயிற்று.

பிலோமின்ராஜ் விஷயம் அதைவிட மோசம். அவர் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சலோமி படுத்த படுக்கையாகிவிட்டதால், கட்டிலிலிருந்தே பூசை பார்க்கட்டும் என்று பெரிய டிவியாக வாங்கினார். மன்சூர் அலி அந்த டிவியின் கீழ் மூலையில் வெளிச்சம் கசிவதைக் காட்டினார். பிலோமின்ராஜுக்கு முதலில் தெரியவில்லை. விடுவாரா இவர்? விளக்கை அணைத்து, விரலை வைத்துச் சுற்றிக் காட்டித் தெரிய வைத்துவிட்டுத்தான் டீ குடித்தார். அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு அந்த மூலையைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. பாதிரியார் பேசினாலும் மூலை, பாட்டு ஓடினாலும் மூலை. "பாய், நீங்க வராமலே இருந்திருக்கலாம்" என்று சலோமி படுக்கையிலிருந்தபடியே சொன்னார். மன்சூர் அலி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீடு வந்து மனைவியிடமும் சொன்னார்.

அவர் மனைவி ரோஷன் பேகம் அதைக் கேட்டபடியே வெங்காயம் உரித்தார். வாழ்ந்த காலத்தில் பாதிக்கு மேல் புருஷனைப் போனில் கேட்டே வாழ்ந்தவர். எதைக் காதில் போட்டுக்கொள்வது, எதை விடுவது என்பது அவருக்குப் பழகியிருந்தது. ஆனால் மருமகன் அனுப்பிய டிவி வீட்டுக்கு வந்த அன்று வாயைத் திறந்தார்.

அவர்களுக்கு ஒரே மகள், சுஹைனா. மாப்பிள்ளை ஆபித், திருமலைராயன்பட்டினத்துப் பையன். துபாயில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார் என்றுதான் நிக்காஹ் நடந்தது. இங்கே இந்தக் குடும்பங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். லீவில் வரும் ஆபித் அப்படித்தான் மாமனார் வீட்டு மாடியறையில் தங்குவார். கூச்ச சுபாவம். சத்தமாகப் பேசமாட்டார். சாப்பாடு போதும் என்று சொல்வதற்குக்கூடத் தட்டின்மேல் கையை வைத்து மறைப்பாரே தவிர வாய் திறக்கமாட்டார். மாமனாரிடம் பேச வேண்டுமென்றால் முதலில் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

இந்தத் தடவை அவர் வந்து இரண்டு வாரம் கழித்து கார்கோவில் டிவி வந்து சேர்ந்தது. எழுபத்தேழு இஞ்ச். சுவரே வீட்டுக்குள் ஒரு வாசல் திறந்துகொண்ட மாதிரி இருந்தது. மன்சூர் அலி அப்போது பூவத்தில் யாருடைய டிவிக்கோ தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் திரும்புவதற்குள் ஆபித் ஆள் வைத்துச் சுவரில் மாட்டி, பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் தள்ளிவிட்டிருந்தார். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. சுஹைனாவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

அன்று சாயங்காலம் ரோஷன் பேகம் புருஷனைத் தனியாக அழைத்தார். "இத நீங்க பாத்துச் சொல்ல வேணாம். அந்தப் புள்ள ஆசையாக் கொண்டாந்திருக்கு. நல்லா இருந்தாலும் சொல்ல வேணாம், நல்லா இல்லாட்டியும் சொல்ல வேணாம். மருமவன் மனசு நோவக் கூடாது. எம் மவ வாழ்க்க அது."

"நான் என்ன பைத்தியமா? சொல்ல மாட்டேன்" என்றார் மன்சூர் அலி. உண்மையாகத்தான் சொன்னார். ஒரு வாரம் அந்த வார்த்தையைக் காப்பாற்றவும் செய்தார். எல்லாரும் படம் பார்க்கும்போது அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். குடியை விட்டவன் சாராயக்கடையைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக வீட்டுக்குப் போவதுபோல அந்தக் கூடத்தைத் தாண்டிப் போனார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அப்துல் லத்தீப் சாப்பிட வந்தார். மன்சூர் அலியின் அக்காள் வீட்டுக்காரர். மூன்று வருடத்துக்கு முன்னால் தன் மகன் அப்ராருக்குச் சுஹைனாவைக் கேட்டு, கிடைக்காமல் போனவர். அந்தக் கோபத்தை அவர் ஒருநாளும் வெளியே காட்டியதில்லை. உள்ளே பத்திரமாக வைத்திருந்தார். பிரியாணி சாப்பிட்டு, கை கழுவி, டிவிக்கு எதிரில் சாய்ந்துகொண்டு அதை மெதுவாக எடுத்தார்.

"மன்சூரு, ஊருல இருக்கிற டிவிக்கெல்லாம் ஃபத்வா குடுக்குற ஆளு நீ. சொந்த வூட்டு டிவியப் பத்தி வாயே தொறக்க மாட்டேங்குறியே. மருமவன் கொண்டாந்ததுன்னா கண்ணு மங்கிப்போயிடுமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான்."

"இல்ல, பயம்னா பயம்னு சொல்லு. நாங்க ஒண்ணும் நெனைக்கமாட்டோம்."

உள்வாசலில் நின்ற ரோஷன் பேகம் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. மன்சூர் அலி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டும் சட்டைப் பையைத் தடவினார். ஒரு வாரமாக அரித்த கை அது. அதோடு, அவருக்கு அந்த டிவி பிடித்தும் இருந்தது. சோதித்துவிட்டு, நாலு பேர் எதிரில் "நல்ல சாமான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் மருமகனுக்குப் பெருமைதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மனுஷன் தப்புச் செய்யப் போகும்போதுதான் இப்படி நல்ல காரணங்கள் வரிசையாக வந்து நிற்கும்.

ஆபித் தொண்டையைச் செருமினார். "மாமா, இப்பத்தான் சாப்பிட்டீங்க. அப்புறமாப் பாக்கலாமே."

"அஞ்சு நிமிஷம் மாப்பிள்ள. திரைய இழுத்து விடுங்க."

இருட்டுக் கடல் வந்தது. அப்படி ஒரு கறுப்பை மன்சூர் அலி சொந்த ஊரில் பார்த்ததில்லை. பந்து ஓடியது, வால் இல்லை. அந்தப் பெண்ணின் முகம் வந்தது. மேலுதட்டின் மெல்லிய ரோமம்கூடத் தெரிந்தது. மன்சூர் அலிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மாஷா அல்லாஹ்" என்றார். வாழ்க்கையில் அவர் ஒரு டிவியைப் பார்த்து அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. உள்வாசலில் சுஹைனா மூச்சு விட்டாள்.

"போதும் மாமா, படத்தப் போட்டுடலாம்" என்று ஆபித் ரிமோட்டுக்குக் கை நீட்டினார்.

"ஒண்ணே ஒண்ணு பாக்கியிருக்கு" என்றார் மன்சூர் அலி.

சாம்பல் வந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு, கண் பழகியதும், நெட்டாக இரண்டு கோடுகள் தெரிந்தன. குறுக்காக இரண்டு. லேசாக, ஈரத் துணியால் துடைத்துக் காய்ந்த தடம் போல. கோடுகளுக்கு நடுவே ஒன்பது கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் எழுத்து அழிந்த ஒரு சின்னக் கறை.

அது என்னவென்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. இந்த ரகத் திரையில் ஒரே படம் மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் அது பதிந்துபோகும், பிறகு போகாது. கட்டடங்களில் கேமராப் படங்களை ஒன்பது கட்டமாகப் போட்டு இரவு பகலாக ஓடவிட்ட டிவிகள் சார்ஜாக் கடைக்கு இதே கறையோடு திரும்பி வந்திருக்கின்றன. மூலையில் இருந்தது கேமரா எண். இது புது டிவி இல்லை. எங்கேயோ கேமரா அறையில் தேய்ந்து, கழித்துக் கட்டிய டிவி.

ஆபித் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இருட்டிலும் மாப்பிள்ளையின் கண் கெஞ்சுவது தெரிந்தது. மற்றவர்களுக்கு அங்கே வெறும் சாம்பல்தான். ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், விஷயம் அங்கேயே அடங்கிப்போகும். மன்சூர் அலி அப்படிச் செய்திருக்கலாம். அவருக்கும் அது தோன்றாமல் இல்லை.

"என்ன மன்சூரு, சத்தத்தையே காணோம். ஒண்ணும் கெடைக்கலியா?" என்றார் லத்தீப்.

கிடைத்ததை வைத்துக்கொண்டு கிடைக்கவில்லை என்று சொல்ல அந்த நாக்குக்குப் பழக்கமில்லை. மன்சூர் அலி எழுந்து போய்த் திரையில் விரலை வைத்தார். "இந்தாப் பாருங்க மச்சான், ஒரு கட்டம். இது ரெண்டு. இது மூணு." ஒன்பதையும் இழுத்துக் காட்டினார். லத்தீப் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார். அவருக்கும் தெரிந்தது. "இது கேமரா ரூம்ல ஓடுன டிவி. புதுசு இல்ல. யாரோ மாப்பிள்ளைய நல்லா ஏமாத்தியிருக்கான்."

யாரோ ஏமாற்றிவிட்டான் என்றே அது முடிந்திருக்க வேண்டும். ஆபித் அந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டார். "ஆமா மாமா, கடைக்காரன் ஏமாத்திட்டான் போல" என்றார் தரையைப் பார்த்தபடி. லத்தீப்கூட "பாவம்" என்றார். ஆனால் மன்சூர் அலிக்கு இப்போது வேகம் வந்துவிட்டது. தன் மருமகனை ஒருவன் ஏமாற்றுவதா? போனை எடுத்தார்.

"எந்தக் கடைன்னு சொல்லுங்க. அங்க எனக்குத் தெரியாத ஆளு கெடையாது. இப்பவே பேசி மாத்தித்தர வைக்கிறேன். பில்லு இருக்குதுல்ல?"

"வேணாம் மாமா."

"என்ன வேணாம்? கடைப் பேரச் சொல்லுங்க."

"மாமா, விடுங்க."

"அட, பேரச் சொல்லுங்க மாப்பிள்ள. வெக்கப்படுறதுக்கு என்ன இருக்குது?"

ஆபித் தொண்டையைச் செருமவில்லை. தெளிவாகவே பேசினார். "கடையில வாங்கல மாமா. நான் வேல பாக்குற கட்டடத்துல புதுசு மாட்டுனப்ப இதக் குடுத்தாங்க. பழைய கம்பெனிய மூடிட்டாங்க. இப்ப நான் கணக்கு எழுதல. அந்தக் கேமரா ரூம்லதான் உக்காந்திருக்கேன். இதப் பாக்குறதுதான் எனக்கு வேல."

சுஹைனா உள்வாசலைத் தாண்டி வந்து புருஷன் பக்கத்தில் நின்றாள். "எனக்குத் தெரியும் வாப்பா. அவரு மொதல்லயே சொல்லிட்டாரு. நான்தான் யாருக்கும் சொல்ல வேணாம்னேன்" என்றாள்.

மன்சூர் அலி அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். ஆனால் ஒரு வார்த்தை நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துவிட்டது. வந்த வார்த்தையை விழுங்குவது எப்படி என்று அவர் கற்றுக்கொண்டதே இல்லை.

"ராவெல்லாம் ஒம்போது கட்டத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தவருக்கு, அதையே மாமனாரு வூட்டுல கொண்டாந்து மாட்டுறோம்னு தெரியாமப் போச்சா? நல்ல வாட்ச்மேன்."

லத்தீப் சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மூன்று வருடமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு. அந்தச் சத்தம் கேட்டு மன்சூர் அலிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சொன்ன வார்த்தைக்காகச் சுஹைனா ஒருவேளை மன்னித்திருப்பாள். தன் வாப்பா லத்தீப்போடு சேர்ந்து சிரித்ததை அவள் நின்று பார்த்தாள்.

அஸர் தொழுகைக்குள் தெருவுக்குத் தெரிந்தது. மறுநாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரை போய்விட்டது. 'கேமரா மாப்பிள்ளை' என்று பேர் வைத்தார்கள். ஆபித் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு, லீவில் பாதியை விட்டுவிட்டுக் கிளம்பினார். மாமியாரிடம் சலாம் சொன்னார். மாமனார் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டித்தான் போனார்.

"நான் இருக்கிறதத்தானே சொன்னேன்" என்று மன்சூர் அலி ரோஷன் பேகத்திடம் கேட்டார். அன்றைக்கும் கேட்டார், அடுத்த வாரமும் கேட்டார். ரோஷன் பேகம் சோறு போட்டார், துணி மடித்தார், மாத்திரை எடுத்து வைத்தார், பதில் மட்டும் சொல்லவில்லை. சுஹைனா உண்டாகியிருந்தாள். மாடியிலிருந்து ராத்திரி போனில் பேசும் சத்தம் கீழே கேட்கும். யார் பெயரும் சரியாகக் காதில் விழாது. அவள் அழுகிறாளா என்று மன்சூர் அலி காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். அவள் அழவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

ஆபித் கிளம்பிப் போய் ஏழு மாதம் ஆனபிறகு ஒரு காலை, மன்சூர் அலி பசியாறிக்கொண்டிருந்தபோது சுஹைனா எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"வாப்பா, அவரு அடுத்த மாசம் வர்றாரு. புள்ள பொறக்குறப்ப இங்க இருப்பாரு."

மன்சூர் அலிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆப்பத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "அல்ஹம்துலில்லாஹ். வரட்டும்மா. நான் அவருகிட்ட ஒரு வார்த்த பேசிக்கிறேன். நான் பேசுனது தப்புத்தான். வந்ததும் முசாஃபஹா பண்ணிக் கையப் புடிச்சுச் சொல்லிடுறேன்."

"அவரு நீங்க இருக்கிற வூட்டுல கால வைக்கமாட்டேங்குறாரு."

"அப்ப எங்க தங்குவாரு? பட்டினத்துல அவங்க உம்மா வூட்டுலயா? நம்ம ஊருல யாரும்மா மாப்பிள்ளைய அப்படி விடுவாங்க? நல்லா இருக்காதே."

"இல்ல வாப்பா. இங்கதான் தங்குவாரு."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. இந்தக் குடும்பங்களில் வீடு பெண்ணுக்குத்தான். சார்ஜாவில் நின்று நின்று கால் நரம்பு சுருண்டு கட்டிய வீட்டை, நிக்காஹ்வுக்கு முந்தின வாரம் அவரே சிரித்த முகமாக சுஹைனா பேருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். எழுதிக் கொடுத்த வாப்பாவும் உம்மாவும் மௌத்தாகும்வரை அதிலேயே இருப்பார்கள். அப்படித்தான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. யாரும் யாரையும் போகச் சொன்னதில்லை. இருக்கச் சொல்லி எழுதியதும் இல்லை.

"மார்க்கெட் பக்கம் ஒரு ரூம் பாத்திருக்கேன். மாடி இல்ல, ஏற வேணாம். வாடகைய நான் குடுத்துடுறேன்" என்றாள். குரலில் கோபமில்லை. ரொம்ப நாள் யோசித்து முடித்த குரல்.

அவர் ரோஷன் பேகத்தைத் திரும்பிப் பார்த்தார். "அங்க ரெண்டு பேரு இருக்க எடம் பத்துமா?" என்று கேட்டார்.

ரோஷன் பேகம் அடுப்பை அணைத்தார். இத்தனை மாதம் கழித்து அன்றுதான் பேசினார். "நான் எங்க வர்றது? புள்ளைக்கு மாசம் ஏறிப்போச்சு. பொறந்தா யாரு பாக்குறது? நீங்க போங்க. உங்கள வுட்டுத் தள்ளியிருந்து எனக்குப் பழக்கந்தான்."

அவர் பெட்டியில் அதிகமில்லை. சார்ஜாவிலிருந்து வந்தபோது கொண்டு வந்ததைவிடக் குறைவு. ஆட்டோ வந்து வாசலில் நின்றது. எதிர்வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். மன்சூர் அலி கூடத்தின் நடுவில் நின்றார். இப்போது அவள் "போக வேணாம் வாப்பா" என்று சொல்லிவிடுவாள் என்று அந்த மனுஷன் நிஜமாகவே நம்பினார். அவள் வந்தாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் சுவரைக் காட்டினாள்.

"இதையும் எடுத்துட்டுப் போயிடுங்க வாப்பா. சாயங்காலம் ஆள் வச்சுக் கழட்டி அனுப்புறேன். எங்களுக்கு இதுல படம் மட்டும்தான் தெரிஞ்சுது. மத்ததெல்லாம் உங்களுக்குத்தான் பாக்கத் தெரியும்."